தே, நி, ஓ, ஹா: ஜப்பானிய இலக்கணம் உருவான வரலாறு

ஒருவன் முன்னுக்குப் பின் முரணாக, சொல்லும் சொல்லும் ஒட்டாமல் பேசினால், ஜப்பானியர் அவனைப் பற்றி, "அவன் பேச்சில் தே-நி-ஓ-ஹா பொருந்தவில்லை" என்பார்கள். தே, நி, ஓ, ஹா என்பன நான்கு சின்னஞ்சிறு அசைகள். தனித்து நின்றால் எப்பொருளும் தாராதவை. நம் இலக்கண நூலார் 'இடைச்சொல்' என்று வகுத்த இனத்தைச் சேர்ந்தவை. இந்த நான்கு அசைகள் எவ்வாறு அம்மொழி இலக்கணத்திற்கே பெயராக அமைந்தன என்பதையும், அவற்றுள் நான்காவதான 'ஹா' எவ்வாறு புலவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

இவ்வாராய்ச்சியில் நான் புகுந்தது தற்செயலாக நேர்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி மாலை வேளைகளில் ஜப்பானிய மொழி கற்று வருகிறாள். ஒருநாள் குறிப்பேட்டும் கையுமாக வந்து, "தாத்தா! இந்த 'வா'வும் 'கா'வும் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. இரண்டும் எழுவாயைக் காட்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறது. அப்படியானால் ஒன்று போதாதா? எதற்கு இரண்டு?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று கற்பித்தவனாயினும் எனக்கு விடை தெரியவில்லை. அவள் கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியவன், ஜப்பானிய இலக்கண ஆசிரியர்களின் வரலாற்றிலே போய் நின்றேன்.

வரலாற்றைச் சொல்லுமுன், அம்மொழியின் வாக்கியம் எத்தகையது என்பதைச் சிறிது காட்டுதல் வேண்டும். "தாரோ கா ஹோன் ஓ யோமு" என்பது ஒரு வாக்கியம். தாரோ என்பவன் புத்தகத்தைப் படிக்கிறான் என்பது பொருள். 'ஹோன்' என்றால் புத்தகம். 'ஓ' நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'. 'யோமு' என்பது வினைமுற்று. 'தாரோ'வை அடுத்து நிற்கும் 'கா'வைத் 'தங்கம்' என்னும் சொல்லில் வரும் ககரம்போல மெலித்து ஒலிக்க வேண்டும். பெயர் முன்னே, உருபு பின்னே, வினை கடைசியிலே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன் இந்த ஒழுங்கைக் கற்கத் தலைகீழாக நிற்க வேண்டும். தமிழ் மாணவனோ தன் தெருவிலேயே நடப்பவன்போல் நடக்கலாம்.

இன்னும் சில காட்டுகிறேன். 'நோ' என்பது ஆறாம் வேற்றுமை. 'நி' என்பது பெரும்பாலும் நம் 'கு'. 'மோ' என்பது நம் 'உம்'. 'தோ' என்பது ஓரிடத்தில் 'ஓடு' ஆகும். மற்றோரிடத்தில் 'என்று' ஆகும். "தாரோ தோ இகு" என்றால் தாரோவோடு போதல். "இகு தோ இயு" என்றால் போவதாக, அதாவது 'போகிறேன் என்று' சொல்லுதல். 'கண்' என்பதிலுள்ள ககரம்போல வலித்து ஒலிக்கும் மற்றொரு 'கா' வாக்கியத்தின் ஈற்றில் நின்று, நம் 'ஆ'வைப் போல வினாப்பொருள் தரும். 'தாரே' என்றால் 'யார்'. அதனோடு வினாக் 'கா'வைச் சேர்த்தால் 'தாரேகா', அதாவது 'யாரோ'. 'மோ'வைச் சேர்த்து எதிர்மறை வினை கூட்டினால் 'தாரேமோ', அதாவது 'யாரும்' (வரவில்லை). யார், யாரோ, யாரும் என்ற நம் வரிசையும் தாரே, தாரேகா, தாரேமோ என்ற அவர்கள் வரிசையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதைக் கண்டபோது, நான் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வியந்திருந்தேன்.

'தே' என்பதோ நம் வினையெச்ச விகுதிக்கு நிகரானது. 'தபெரு' என்றால் தின்னுதல். 'தபெத்தே' என்றால் தின்று. "தபெத்தே மிரு" என்பதில் 'மிரு' என்பது பார்த்தல். ஆகவே 'தின்று பார்'. "மொத்தே இகு" என்பது கொண்டு போதல். "மொத்தே குரு" என்பது கொண்டு வருதல். "கத்தே ஓகு" என்பது வாங்கி வைத்தல். "ஷிந்தே இரு" என்று ஒரு பறவையைப் பற்றிச் சொன்னால், அது இறந்துகொண்டிருக்கிறது என்று ஆங்கில வழியில் கற்பவன் பொருள் கொள்வான்; உண்மையில் அது 'இறந்திருக்கிறது' என்பதே. தமிழன் இங்கே தடுமாற வேண்டியதில்லை. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்னும் பெயரெச்சத் தொடரும் "கினோ கத்தா ஹோன்" என்று சொல்லுக்குச் சொல் அப்படியே அமைகிறது.

ஆயினும், இந்த ஒப்புமைகளைக் கண்டு மயங்கி, எல்லாம் நம் மொழியே என்று எண்ணிவிடலாகாது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று நம் வினைமுற்றின் வாலிலேயே திணை, பால், எண், இடம் எல்லாம் காட்டுகிறோம். ஜப்பானிய வினைக்கு அந்த வால் கிடையாது. 'இகு' என்ற ஒரே சொல் நான் போவதையும், நீ போவதையும், ஊரார் அனைவரும் போவதையும் குறிக்கும். போகிறவர் யார் என்பதைச் சூழலும், உயர்வும் பணிவும் காட்டும் வினைவேறுபாடுகளுமே உணர்த்தும். பெரியவர் ஒருவர் போனால் 'இரஷ்ஷாரு' என்பர். தான் போவதைப் பணிந்து கூறினால் 'மைரு' என்பர். ஆதலால் எழுவாயைச் சொல்லாமலே பேசுவது அவர்கள் வழக்கம். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜப்பானியருக்குத் தொடக்கத்தில் எழுத்து இல்லை. சீன எழுத்துகளையே கடன் கொண்டார்கள். சீனமோ வினைத் திரிபும் வேற்றுமை உருபும் இல்லாத மொழி. வினை நடுவே நிற்க, செயப்படுபொருள் பின்னே வரும். அந்த எழுத்தைக் கொண்டு, உருபும் விகுதியும் நிறைந்த தம் மொழியை எப்படி எழுதுவது? சீன நூலைத் தம் மொழியிலே எப்படி வாசிப்பது? புத்தத் துறவிகளும் அரசவைப் புலவர்களும் ஒரு வழி கண்டார்கள். சீன எழுத்தின் மூலைகளிலும் ஓரங்களிலும் சிறு புள்ளிகள் இட்டார்கள். புள்ளி இருக்கும் இடத்தைக் கொண்டு, அச்சொல்லின்பின் இன்ன இடைச்சொல்லைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்கள். இம்முறை பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. அரசவைப் புலவர் குடும்பங்களின் முறையில், எழுத்தின் இடப்புறக் கீழ்மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றி வந்தால், நான்கு மூலைப் புள்ளிகளும் முறையே தே, நி, ஓ, ஹா என்று ஒலிக்கும். இடைச்சொற்கள் அனைத்துக்கும் 'தே-நி-ஓ-ஹா' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

மற்றொரு சான்றும் உண்டு. எட்டாம் நூற்றாண்டு அரசாணைகளை எழுதியவர்கள், பெயரையும் வினையடியையும் பெரிய எழுத்தாகவும், இடைச்சொல்லையும் விகுதியையும் அவற்றின் அருகே சிறிய எழுத்தாகவும் எழுதினார்கள். 797-இல் தொகுத்து முடித்த 'ஷோகு நிஹோங்கி' என்னும் அரசு வரலாற்றில் இத்தகைய ஆணைகள் பல இடம்பெற்றுள்ளன. இலக்கண நூல் ஒன்றேனும் தோன்றுவதற்கு மிக முன்பே, எழுதுவோன் கை சொல்லையும் இடைச்சொல்லையும் பிரித்து உணர்ந்துவிட்டது என்பது இதனால் விளங்குகிறது.

நம் நாட்டிலிருந்து சென்ற கொடை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். புத்த மதத்தோடு வடமொழி எழுத்துக் கல்வியும் சீனத்தின் வழியாக ஜப்பானை அடைந்தது. அதன் பயனாக அவர்கள் தம் எழுத்துகளை 'ஐம்பதொலி அட்டவணை' என்ற பெயரால் வரிசைப்படுத்தினார்கள். உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசைகள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த ஹகரம் பண்டைக் காலத்தில் பகரமாக ஒலித்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. மாணவர்களே! நம் நெடுங்கணக்கில் ஜப்பானியத்துக்கு வேண்டாத எழுத்துகளை அடித்துவிட்டுப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. வரிசை சிறிதும் பிறழாமல் நிற்கும்.

பகரம் ஹகரமான அதே மாற்றந்தான் நம் கதாநாயகனான நான்காம் அசையையும் ஆட்டிவைத்தது. 'ஹா' என்ற எழுத்தால் எழுதப்பெறும் அந்த இடைச்சொல் பேச்சிலே 'வா' என்று ஒலிக்கிறது. 1946-இல் ஜப்பானிய அரசு எழுத்துமுறையைப் பேச்சொலிக்கு ஏற்பத் திருத்தியபோதும், இடைச்சொற்களுள் மூன்றன் பழைய எழுத்தைக் கைவைக்காமல் விட்டுவிட்டது. அவற்றுள் இது ஒன்று. இனி இதனை 'வா' என்றே சொல்வேன்.

ஜப்பானியத்துக்கு விரிவான இலக்கணம் முதன்முதல் எழுதி அச்சிட்டவர் ஓர் அயல்நாட்டார். போர்ச்சுகல் நாட்டில் பிறந்து, 1577-இல் சிறுவனாகவே ஜப்பானை அடைந்த ஜோவா ரொட்ரீகஸ் என்னும் ஏசு சபைத் துறவி அவர். அந்நாட்டை ஆண்ட ஹிதெயோஷிக்கும் இயெயாசுவுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அவருடைய பெரிய இலக்கணம் அச்சாயிற்று. அதன் படி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து நூலகத்தில் இன்றும் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்ட அண்டிரிக் அடிகளும் அச்சபையினரே. தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் வகுத்தவரும் அவரே. இருவர் கையிலும் இருந்த அளவுகோல் இலத்தீனம். ரொட்ரீகஸ் இலத்தீன வேற்றுமைகளை அறைகளாக வைத்து, ஜப்பானிய இடைச்சொற்களை அவற்றுள் இட்டுப் பார்த்தார். எழுவாய் வேற்றுமை என்ற ஓர் அறைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட இடைச்சொற்களை இட வேண்டியதாயிற்று. என் பேத்தியின் கேள்வி அன்றே பிறந்துவிட்டது எனலாம். ஆனால் 1610-இல் அவர் மக்காவ் நகருக்கு வெளியேற்றப்பட்டார். 1614-இல் கிறித்தவ மதமே தடை செய்யப்பட்டது. அவர் நூல் ஜப்பானியப் புலவர்களிடையே வேரூன்ற வழியில்லாமல் போயிற்று.

ஜப்பானியர் தம் இலக்கணத்தைத் தாமே கண்டறிந்த கதைதான் இவ்வரலாற்றின் உயிர். மட்சுசாகா என்னும் வணிகர் ஊரில் மோத்தோரி நோரினாகா என்ற மருத்துவர் இருந்தார். 1730-இல் பிறந்தவர். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். எஞ்சிய பொழுதெல்லாம் பண்டை நூல்களில் ஆழ்வார். 712-இல் எழுதப்பெற்ற 'கோஜிகி' என்னும் பழைய நூலுக்கு 1764-இல் உரை தொடங்கி 1798-இல் முடித்தார். உரை நாற்பத்து நான்கு தொகுதிகள். பழம்பாடல்களை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த அவர் கண்ணில் ஓர் ஒழுங்கு பட்டது.

எளிய சான்று ஒன்று தருகிறேன். 'ஹானா' என்றால் மலர். 'அரி' என்பது 'உண்டு' என்னும் பழைய வினைமுற்று. "ஹானா அரி" என்றால் மலர் உண்டு. நடுவே 'வா' வந்தாலும் "ஹானா வா அரி" என்றே முடியும். ஆனால் வற்புறுத்தும் 'ஸோ' என்ற இடைச்சொல் வந்தாலோ, "ஹானா ஸோ அரு" என்று வினை மாறுகிறது. 'கோஸோ' என்ற வேறோர் இடைச்சொல் வந்தால், "ஹானா கோஸோ அரே" என்று மற்றொரு வடிவம் கொள்கிறது. வாக்கியத்தின் நடுவில் நிற்கும் ஒரு சிறு அசை, ஈற்றில் நிற்கும் வினையைத் தன் ஆணைக்கு உட்படுத்துகிறது! நோரினாகா இதனை மூன்று வரிசையாக வகுத்து, 1771-இல் ஓர் அட்டவணையாக வெளியிட்டார். பின்னர் 'சொற்களின் மணிக்கயிறு' என்று பொருள்படும் பெயரோடு ஏழு தொகுதி கொண்ட நூலாக விரித்து, 1785-இல் பதிப்பித்தார். முதல் வரிசையில் அவர் யாரை வைத்தார் என்பதைக் கவனியுங்கள். 'வா'வையும் 'மோ'வையும் வைத்தார். அதாவது, 'வா' என்பது 'ஓ', 'நி' போன்ற வேற்றுமை உருபுகளின் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. வாக்கியத்தின் முடிவோடு உறவு கொள்ளும் 'ஸோ', 'கோஸோ' ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது அந்த அட்டவணையிலேயே அடங்கியிருந்தது. அதன் முழுப்பொருளை உணர மற்றொருவர் பிறக்க வேண்டியிருந்தது.

நோரினாகாவின் மூத்த மகன் ஹாருநிவா. இளமையில் தந்தையின் நூல்களைப் படியெடுத்து உதவியவர். முப்பது வயதை ஒட்டிக் கண்நோய் பற்றி, இரு கண்களும் பார்வை இழந்தன. தந்தை மருத்துவராயிருந்தும் காக்க முடியவில்லை. ஹாருநிவா கியோட்டோ நகருக்குச் சென்று ஊசி குத்தும் சிகிச்சை கற்று வந்து, அதனால் வாழ்க்கை நடத்தினார். தந்தையின் புலமைப் பீடம் தத்துப்பிள்ளையான ஓஹிராவுக்குச் சென்றது. ஆனால் இலக்கண ஆராய்ச்சி ஹாருநிவாவை விடவில்லை. தங்கை மினோவும் மனைவி இகியும் எழுத்துப் பணியில் துணை நின்றனர். 1806-இல் எழுதி முடித்து 1808-இல் வெளியான அவருடைய நூலின் பெயர் 'சொற்களின் எட்டுக் கிளைப் பாதை'.

அவர் செய்தது என்ன? ஐம்பதொலி அட்டவணையை வினைகளின்மேல் வைத்து அளந்தார். 'யோமு' என்ற வினை யோம, யோமி, யோமு, யோமே என்று திரிகிறது. ம, மி, மு, மெ: மகர வரிசையில் நான்கு படிகள் ஏறி இறங்குகிறது. எந்த வரிசையில் எத்தனை படிகள் ஏறுகிறது என்பதே வினையின் குலம். இவ்வாறு நான்கு ஒழுங்கான வகைகளையும் மூன்று ஒழுங்கற்ற வகைகளையும் பிரித்துக் காட்டினார். பின்வந்தவர்கள் சிறு திருத்தம் செய்தார்களேயன்றி, அடித்தளம் அவருடையதே. நீங்கள் இன்று ஜப்பானிய வகுப்பில் 'ஐந்து படி வினை', 'ஒரு படி வினை' என்று மனப்பாடம் செய்வதெல்லாம் அவர் வகுத்த பாதைதான். நான்கு ஐந்தானது எப்படி என்கிறீர்களா? 'படிப்போம்' என்னும் பொருள்படும் 'யோமோ' என்ற வடிவத்தைப் பழைய முறையில் 'யோமவு' என்றே எழுதினார்கள். 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஒலிக்கின்றவாறே எழுதச் சொன்னபோது, 'மொ' என்ற ஐந்தாம் படியும் வந்து சேர்ந்தது. கண்ணிழந்த ஒருவர், இந்தியாவிலிருந்து வழிவழியாக வந்த எழுத்து வரிசையை மனத்தில் தாங்கி, ஒரு மொழியின் வினைகளையெல்லாம் அளந்து முடித்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இதே காலத்தில் கியோட்டோவில் வாழ்ந்து 1779-இல் இளமையிலேயே மறைந்த புஜிதானி நாரியகிராவையும் மறக்கலாகாது. சொற்களை அவர் நான்காக வகுத்தார்: பெயர், ஆடை, கொண்டையூசி, கால்கயிறு. வினை ஆடையாம், முன்னே வந்து அழகு செய்யும் சொல் கொண்டையூசியாம், இடைச்சொற்களும் துணைவினைகளும் கால்கயிறாம். பெயர், வினை, இடை, உரி என்ற தொல்காப்பியரின் நான்கோடு இதனை ஒட்டவைக்க வேண்டாம்; வகுத்த முறை வேறு. ஆயினும் இலக்கணத்தை உயிருள்ள உடலாகக் கண்ட அந்த உள்ளத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மெய்ஜி அரசர் காலத்தில் மேனாட்டுக் கல்வி வெள்ளம்போல் புகுந்தது. டச்சு மொழி இலக்கணத்தைப் பார்த்து ஜப்பானியத்துக்கு இலக்கணம் எழுதும் முயற்சி 1833-இலேயே நூலாகியிருந்தது. ஓட்சுகி ஃபுமிஹிகோ என்பவர் மேனாட்டு முறையையும் நாட்டு மரபையும் இணைத்தார். 1889 முதல் 1891 வரை வெளியான 'கென்காய்' என்னும் பேரகராதி அவர் உழைப்பு. அதன் இறுதிப் பகுதியை அச்சிட்டுக்கொண்டிருந்த 1890-இல் இளமகளையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்தும் பணியை நிறுத்தாதவர். 1897-இல் அவருடைய விரிவான இலக்கணம் வெளிவந்தது. எழுவாய், பயனிலை என்ற மேனாட்டுப் பிரிவு பள்ளிக்கூடங்களில் நிலைபெற்றது. "வா என்பது எழுவாயைக் காட்டும்" என்ற சூத்திரமும் வகுப்பறைகளில் ஒலிக்கலாயிற்று.

அப்போது ஓர் இடைநிலைப் பள்ளியில் யமாதா யோஷியோ என்ற இளம் ஆசிரியர் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். தாமாகவே படித்து ஆசிரியர் தேர்வில் தேறியவர். பாடநூலில் உள்ளபடி 'வா'வை எழுவாய்க் குறி என்று சொன்னார். ஒரு மாணவன் எழுந்து, எழுவாய் அல்லாத இடத்திலும் 'வா' வருகிறதே என்று வினவினான். ஆசிரியரால் விடை சொல்ல இயலவில்லை. அதனை மறைக்கவும் இல்லை. அந்தக் கேள்வியே அவரை ஆராய்ச்சியில் செலுத்தியது. 1908-இல் முழுமையாக வெளிவந்த அவருடைய 'ஜப்பானிய இலக்கண ஆய்வு' அதன் விளைவு.

மாணவன் கேட்டது எத்தகைய இடம் என்று விளங்க, நானே ஒரு வாக்கியம் காட்டுகிறேன். "கோனோ ஹோன் வா மோ யோந்தா." இந்தப் புத்தகமோ, முன்பே படித்தாயிற்று. புத்தகம் படிக்கவில்லை, படிக்கப்பட்டது. 'ஓ' நிற்க வேண்டிய இடத்தில் 'வா' வந்து அமர்ந்திருக்கிறது. யமாதா நோரினாகாவின் பழைய அட்டவணைக்குத் திரும்பினார். 'கா' வேற்றுமை உருபு. 'வா' வேற்றுமை உருபன்று. அது ஒரு பொருளை எடுத்து முன்னே நிறுத்தி, அதனைப் பற்றிய கூற்று வாக்கியத்தின் இறுதிவரை செல்லும்படி செய்வது என்று நிறுவினார். பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த அவர், 1958-இல் மறைந்தார்.

இவ்விடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் எழுவாய்ப் பாடம் நடத்தினேன். கடைசிப் பலகையில் இருந்த மாணவன் ஒருவன், "ஐயா, 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எது?" என்று கேட்டான். 'பசி' என்பது தோன்றா எழுவாய் என்றேன். "'எனக்குப் பசி பசிக்கிறது' என்று எவரும் சொல்வதில்லையே, ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சினந்து, "அதிகப் பிரசங்கம் செய்யாதே, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மற்றொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. யமாதாவுக்கு நேர்ந்ததே எனக்கும் நேர்ந்தது. அவர் செய்ததை நான் செய்யவில்லை.

பின்வந்தவர்களைச் சுருங்கச் சொல்லலாம். ஹாஷிமோட்டோ ஷின்கிச்சி வாக்கியத்தை மூச்சு நிறுத்தும் துண்டுகளாகப் பிரித்தார். துண்டுக்குத் துண்டு 'நே' என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் பிரிவு தெரிந்துவிடும். ஜப்பானியப் பள்ளி இலக்கணம் பெரிதும் அவர் வழியது. டோகியேதா மோட்டோகி 1941-இல் வெளியிட்ட நூலில், பெயரும் வினையும் உலகத்துப் பொருளைக் காட்ட, இடைச்சொல் பேசுவோன் உள்ளத்தைக் காட்டுகிறது என்றார். ஆழ்ந்த கருத்துத்தான், ஆனால் வாக்கியந்தோறும் அதனைப் பொருத்திப் பார்ப்பது கற்பவனுக்கு எளிதன்று என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தவரும் ஒரு பள்ளி ஆசிரியரே; அதுவும் கணக்கு ஆசிரியர்! 1903-இல் பிறந்த மிகாமி அகிரா பல்கலைக்கழகத்தில் படித்தது கட்டடக் கலை. 1960-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே ஒரு வாக்கியம்: "ஸோ வா ஹானா கா நகாய்." 'ஸோ' என்றால் யானை, இங்கே 'ஹானா' என்றால் மூக்கு, 'நகாய்' என்றால் நீளம். மலருக்கும் மூக்குக்கும் ஒரே ஒலி. சூழலே பொருளைக் காட்டும். யானை வா, மூக்கு கா, நீளம். எழுவாய் எது? 'வா'வும் எழுவாய், 'கா'வும் எழுவாய் என்றால், ஒரு பயனிலைக்கு இரண்டு எழுவாய் வந்துவிடும். இந்தச் சிக்கலைப் பற்றி மெய்ஜி காலம் முதலே புலவர்கள் வாதிட்டு வந்தார்கள். மிகாமி கணக்காசிரியருக்குரிய துணிவோடு விடை சொன்னார். "யானையின் மூக்கு நீளம்" என்பதே உள்ளே இருக்கும் கருத்து; 'இன்' என்னும் பொருளுள்ள 'நோ'வின் வேலையை இங்கே 'வா' மேற்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் 'கா'வின் வேலை, ஓரிடத்தில் 'ஓ'வின் வேலை, ஓரிடத்தில் 'நி'யின் வேலை என்று அது பல பணிகளுக்குப் பொறுப்பேற்கும். தன் சொந்த வேலை, பேச்சுப் பொருளை நிறுத்துவது. ஆதலால் 'எழுவாய்' என்ற சொல்லையே ஜப்பானிய இலக்கணத்திலிருந்து விலக்கிவிடலாம் என்றார். வினையிலே இடமும் பாலும் காட்டாத மொழியில் அதற்கு என்ன ஆட்சி என்பது அவர் வாதம். அறிஞர் உலகம் அவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1971-இல் அவர் மறைந்தபின் பெருமை வளர்ந்தது.

அவர் முடிவு முழுதும் நமக்கு ஒத்துவராது. நம் வினைமுற்று எழுவாயோடு இயைந்து நிற்பது. நமக்கு எழுவாய் உண்டு. ஆனால் 'எனக்குப் பசிக்கிறது' போன்ற இடங்களில் அந்த இயைபு இல்லை என்பதும் உண்மை. ஜப்பானியர் பசியை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? "வதாஷி வா ஓனகா கா சுயிதா." என்னைப் பற்றிச் சொன்னால், வயிறு வெறுமையாயிற்று. 'வா' உள்ள இடத்தில் நாம் நான்காம் வேற்றுமையை வைத்திருக்கிறோம். யானைக்கு மூக்கு நீளம், எனக்குப் பசிக்கிறது. கடைசிப் பலகை மாணவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையின் தொடக்கம் இது.

என் பேத்திக்குச் சொன்ன விளக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி கதையை நினைத்துக்கொள். 'ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தான்' என்று ராஜா முதன்முதல் வரும்போது 'கா'. 'அந்த ராஜாவோ வேட்டைக்குப் போனான்' என்று தெரிந்த ராஜாவைப் பற்றிப் பேசும்போது 'வா'. 'யார் வந்தார்?' என்று கேட்கும்போது யார் என்பது தெரியாததாகையால் 'கா'தான் வரும்; 'தாரோ' என்ற விடையிலும் 'கா'தான் வரும். தெரிந்ததற்கு 'வா', புதியதற்கு 'கா' என்ற இவ்விளக்கத்தை ஓனோ சுசுமு என்ற அறிஞர் 1978-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆயினும் தொடங்குவோனுக்கு நல்ல ஊன்றுகோல்.

இந்த ஓனோ சுசுமுதான், பின்னர்த் தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று எழுதி நம்மவரை மகிழ்வித்தவர். 2008-இல் அவர் மறையும்வரை அக்கொள்கையை விடவில்லை. மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. வினை ஈற்றில் வருவதும், உருபு பெயருக்குப் பின் வருவதும் கொரிய மொழியிலும் மங்கோலிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதாலேயே ஒருதாய் மக்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்கச் சான்று போதவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன? பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப்போல் பேசினால் பழகுவது எளிதாகத்தானே இருக்கும்!

சென்ற வாரம் பேத்தி தன் பயிற்சி வாக்கியங்களைத் திருத்தித் தரும்படி நீட்டினாள். 'வா'வும் 'கா'வும் வருமாறு ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். யானையும் மூக்கும் முதலாவது. கடைசி வாக்கியம் இது: "ஸோஃபு வா மிமி கா தோய்." அகராதியைப் புரட்டினேன். 'ஸோஃபு' என்றால் பாட்டனார். 'மிமி' என்றால் காது. 'தோய்' என்றால் தொலைவு. பாட்டனாருக்குக் காது தொலைவு. அதாவது, காது மந்தம். ஜப்பானியர் அப்படித்தான் சொல்வார்களாம். இடைச்சொற்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆகவே முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.